பேர் போட்ட டப்பா

"கையை நல்லா இறுக்கிப் புடிங்கக்கா. அப்பதான் மெஷினு உங்க உடம்பைப் படிக்கும்" என்றாள் தமிழ்ச்செல்வி.

ரோஷன் பீவி அந்தச் சின்ன மெஷினைப் பிடித்துக்கொண்டாள். வளையல்கூட இல்லாத, வற்றிப்போன கை. பிடிக்கச் சொன்னதால் பிடித்தாள், அவ்வளவுதான். எதற்கு, என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

தமிழ்ச்செல்விக்கு அதுவே தெம்பாக இருந்தது. திருப்போரூரிலிருந்து பஸ் மாறி கோவளத்தில் வந்து இறங்கியவள், காலையிலிருந்து ஏழு வாசலில் நின்று பேச்சு வாங்கியிருந்தாள். கடைசியில் மூலைக்கடையில், "இந்தத் தெருவுல யாருக்காவது உடம்பு சரியில்லையாண்ணா?" என்று கேட்டாள்.

"அதோ அந்தப் பச்சை கேட்டு வூட்டம்மா நாலு மாசமா வெளியவே வரல..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்க அவளுக்கு ஏது பொறுமை? அதற்குள் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மெஷின் 'பீப்' என்றது. அவள் போனில் கோடு கோடாக வந்தது.

"பாத்தீங்களா? எல்லாமே செவப்புலதான் கீது. உடம்புல சத்து சுத்தமா இல்ல. அதான் நாலு மாசமா வாசப்படி தாண்ட முடியல."

ரோஷன் பீவி மறுக்கவில்லை. இந்த நாலு மாதத்தில் அவளுக்கு எதுவுமே உறைத்ததில்லை.

"கடைல விக்கிற சத்துப்பொடி ஊருக்கெல்லாம் ஒண்ணுதான்க்கா. எங்களுது அப்டி இல்ல. இந்த ரீடிங்க வெச்சி உங்க உடம்புக்குன்னு தனியா கலப்பாங்க. டப்பா மேல உங்க பேரு போட்டே வரும். அத வேற யாரு குடிச்சாலும் வேலை செய்யாது."

"உன் வூட்ல யாரு குடிக்கிறா?" ரோஷன் பீவி கேட்ட முதல் கேள்வி.

"எங்க வூட்டுக்காரருதான்க்கா. ராஜாராம்னு பேரு, ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. அவருக்கோசரம்தான் நான் இதுல சேந்ததே. எட்டு வருசமா சுகரு. காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. குத்திக் குத்தி வயித்துல எடமே இல்ல, பாக்க சகிக்கலக்கா. இப்ப ஊசியே கெடயாது. நிறுத்திப் பதினெட்டு நாளாச்சி."

இன்னும் ஒரே ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் ராஜாராமுக்கு அடுத்த மூன்று மாதப் பொடி இலவசம். சேர்க்காவிட்டால் பழையபடி ஊசிதான். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்த ஒரு ஆளாகத்தான் எதிரே இருப்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நெறைய கேக்குறாரா?"

"அய்யோ, ஆமாக்கா! குடம் குடமா குடிக்கிறாரு."

"எளச்சிட்டாரா?"

"ஆறு கிலோ கொறஞ்சிட்டாரு. பேண்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"எந்நேரமும் படுத்துக்கினே இருக்காரா?"

தமிழ்ச்செல்வி அசந்துபோனாள். "நேத்திலேர்ந்து வண்டியே எடுக்கல. உடம்புல கீற கழிவெல்லாம் வெளிய போவும்போது அப்டித்தான் அசத்துமாம், மீட்டிங்ல சொன்னாங்க. நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களேக்கா! நீங்க மட்டும் சேந்தா எனக்கே மேல போயிடுவீங்க. ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல மீட்டிங் கீது. நானே வந்து இட்டுகினு போறேன்."

"நான் வெளிய வரக்கூடாதும்மா."

"ஒரு மாசம் குடிச்சிப் பாருங்க, ஓடுவீங்க."

ரோஷன் பீவி மெஷினைத் தரையில் வைத்தாள். கையில் இருக்கும் சீட்டைப் பார்த்துப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள்.

"மொதல்ல அவருக்கு போன் போடு. எழுந்து கெளம்பச் சொல்லு. தனியா அனுப்பாத. ஆட்டோ வெச்சி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. ஊசிய நிறுத்தினத மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லு. இன்னிக்கே போ."

தமிழ்ச்செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. எட்டாவது வீடும் போச்சு.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்கக்கா. எதுக்கு இப்டி பயமுறுத்துறீங்க? எங்க பொடி யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"அது ஒண்ணும் பண்ணாதுதான்" என்றாள் ரோஷன் பீவி.

மெஷினையும் நோட்டீஸையும் பையில் திணித்துக்கொண்டு தமிழ்ச்செல்வி எழுந்தாள். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. எந்த வீட்டிலும் கிளம்பும்போது கடைசியாகக் கேட்கச் சொல்லி மீட்டிங்கில் கற்றுக்கொடுத்ததைக் கேட்டாள்.

"சரி, வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கலந்துகினு சொல்லுங்க. அண்ணன் எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு. எங்கள்ல புருஷன் மௌத்தாயிட்டா, நாலு மாசம் பத்து நாள் நாங்க வாசல் தாண்ட மாட்டோம். நான் இப்ப அந்த இத்தாவுலதான் இருக்கேன். எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல."

தமிழ்ச்செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. துக்க வீட்டில் உட்கார்ந்து மெஷினை நீட்டியிருக்கிறோமே என்று கூசியது. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா, சத்தியமா தெரியாது. அண்ணனுக்கு இன்னா ஆச்சி?"

ரோஷன் பீவி அழவில்லை. அவளை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அவரும் இதே பொடிதாம்மா குடிச்சாரு. ஊசிய நிறுத்தினது நான்தான்."