பதினெட்டு வீட்டு வட்டம்

மைதிலியின் காணாமல் போன தோட்டுப் பெட்டியின் புளூடூத் டிராக்கர், முப்பதடி வட்டத்தை மட்டும் காட்டியது. அவள் தெருவில் அதற்குள் ஒரு பங்களா அடங்கும். ஆனால் வட்டம் விழுந்திருந்தது அவள் வீட்டில் சமைக்கும் செங்கமலத்தின் குடியிருப்பில்; அங்கே மூன்று மாடியும் சேர்த்துப் பதினெட்டு வீடுகள். மைதிலி நேராக செங்கமலத்தின் கதவைத் தட்டினாள்.

“உன் வீட்டுக்குள்ள தேட ஆப் ஒரு வருஷ அனுமதி கேக்குது. போன்ல ‘சம்மதம்’னு அழுத்து. பெட்டி எந்த மூலையில இருக்குன்னு துல்லியமா காட்டிடும்.”

“அழுத்தினா வருஷம் பூரா என் வீட்டு மூலையெல்லாம் காட்டுமேம்மா.”

“தப்பு பண்ணலேன்னா என்ன பயம்?”

“உங்க வீட்டுக்கு அழுத்தியிருக்கீங்களா?”

“எங்க வீட்டுக்கு எதுக்கு?”

செங்கமலம் நிலைப்படியில் கையூன்றி வழிமறித்து நின்றாள்.

“அதையேதான் நானும் கேக்குறேன். இன்னும் பதினேழு கதவு இருக்கு, போய்த் தட்டுங்க. நாளைலேர்ந்து சமையலுக்கும் வேற கதவைத் தட்டுங்க.”