நான்கு மணி மாத்திரை

அக்கா கண்ணயர்ந்ததும் ஜாஸ்மின் சமையலறைக்கு வந்து, மிக்ஸிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த புத்தகத்தை எடுத்தாள்.

மணி இரண்டேகால். நான்கு மணிக்கு அடுத்த மாத்திரை. ஒரு நாளில் அவளுக்கென்று இருப்பது நடுவில் உள்ள இந்த நேரம்தான்.

அக்கா ஞானஜோதி முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிசம்பரில் டாக்டர் சொல்லிவிட்டார். ஜாஸ்மின் தன் ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு, பொழிச்சலூரில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பேருக்கும் வேறு யாரும் இல்லை.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. வலி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இத்தனை மாதத்தில் ஜாஸ்மின் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். கதவு திறந்தே இருந்தது. கூப்பிட்டால் கேட்கும்.

ஆரம்பத்தில் படிக்கவே கூசியது. உள்ளே ஒரு உயிர் கிடந்து தவிக்கும்போது இங்கே கதைப் புத்தகம் கேட்கிறதா என்று தோன்றும். ஒளித்து வைத்தது அதனால்தான். ஆனால் நான்கு பக்கம் படித்துவிட்டு எழுந்தால், அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கை நடுங்குவதில்லை. படிக்காத நாளில் நடுங்கியது.

அன்றைக்குக் கதை அவளை இழுத்துக்கொண்டே போனது. வெளியே, பக்கத்து ஏர்போர்ட்டுக்குப் போகும் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தாழ இறங்கின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் நிமிரவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளால் முடியவில்லை.

தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. அடக்க அடக்கச் சத்தம் விட்டுவிட்டு வெளியே வந்தது.

ஓய்ந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. பல மாதங்களில் முதல் தடவையாக. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தாள்.

வெயில் பாத்திர அலமாரியை விட்டு இறங்கிப் போயிருந்ததைக் கண்ட பிறகுதான் திடுக்கிட்டாள்.

அலாரம் வைத்த போன், சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.

ஓடினாள்.

அக்கா விழித்துத்தான் இருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தாள். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த தடம்.

“ஏன்க்கா கூப்பிடல? இங்கதான இருந்தேன்!”

அக்கா மூச்சைத் திரட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“நீ சிரிச்சிட்டு இருந்தடி.”

மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்த ஜாஸ்மினின் விரல்கள் நின்றன.

“டிசம்பர்லேர்ந்து இந்த வீட்ல யாரும் சிரிக்கல. கூப்பிட்டா நிறுத்திடுவ.”

ஜாஸ்மின் அட்டையை முழுதாகக் கிழித்தாள். மாத்திரையை அக்காவின் உதட்டருகே கொண்டுபோனாள். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு, பிறகு பல்லிடுக்கில் சொன்னாள்.

“அத போட்டா தூங்கிடுவேன். அப்படி என்னடி கதை? மொதல்ல சொல்லு.”

போர்வையைப் பிடித்த கை இன்னும் இறுகியது. சொன்னால்தான் வாயைத் திறப்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

“ஒரு தபால்காரர்க்கா,” என்றாள் ஜாஸ்மின். “அவருக்கு நாய்னா பயம். ஒரு வீட்ல பெரிய நாய். காம்பவுண்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு ரிஜிஸ்தர் தபால நீட்டுறாரு. நாய் வந்து கவ்விக்கிச்சு. கையெழுத்து வாங்காம போக முடியாதே. ஃபாரத்த நீட்டுறாரு. அதையும் கவ்விக்கிச்சு. பேனாவ நீட்டுறாரு...”

“அதையுமா?”

“அதையும்தான். ஆபீசுக்குப் போயி, வீட்டுக்காரர் ரொம்பக் கோவமா வாங்கிக்கிட்டாருன்னு எழுதிட்டாரு.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு முதுகில் போய்க் குத்தியிருக்க வேண்டும், கண்களை இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. ஆனாலும் சிரித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

மாத்திரையை நாக்கில் வைத்து, ஸ்பூனால் தண்ணீர் விட்டாள் ஜாஸ்மின். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போர்வையிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

“நாளைக்கும் படி,” என்றாள் அக்கா, தூக்கம் சொக்க. “கதவ நல்லா தெறந்து வை.”

ஜாஸ்மின் சமையலறைக்குத் திரும்பி, தரையில் குப்புறக் கிடந்த புத்தகத்தை எடுத்தாள்.

அந்தக் கதையில் நாய் எதுவும் கிடையாது.

தபால்காரர் உண்டு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், செத்துப்போன தன் சொந்தத் தம்பியின் பெயருக்கு வந்த கடிதத்தை, சைக்கிளை நிறுத்திவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு பேனாவை எடுத்து, மற்றக் கடிதங்களில் எழுதுவதைப் போலவே, ‘பெறுநர் இல்லை’ என்று எழுதுகிறார்.

ஸ்கேன் படத்தைக் காட்டிய அன்றுகூட ஜாஸ்மின் அழவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளில்தான் உடைந்து அழுதாள். அக்காவின் காதில் விழுந்தது அதுதான்.

புத்தகத்தை மூடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

பிறகு, நாளைக்கு வேண்டுமே என்று, மெல்ல ஒருமுறை சிரித்துப் பார்த்தாள்.