மஞ்சள் பூசிய முளை

செஞ்சிக் கோட்டை மலையின் நிழல் சங்கராபரணி ஆற்று மணலில் நீண்டுகொண்டே வருகிறது. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அளவெடுக்கும் இன்ஜினியர் மோனிகா, பாலம் இந்தக் கரையில்தான் வந்து இறங்கும் என்று போன மாதம் தானே அடித்த முளையைச் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். வரைபடத்தில் கோடு நகர்ந்துவிட்டது. பாலம் இனி மேற்கே வெகுதூரம் தள்ளி, பைபாஸோடு போய்விடும். முளை அசைகிறது. பிடுங்கக் குனிந்தவளின் உள்ளங்கையில் ஈர மஞ்சள் ஒட்டுகிறது. சிவப்பு பெயின்ட் அடித்த அதன் தலைக்கு யாரோ குங்குமம் வைத்து, வேப்பிலையும் கட்டியிருக்கிறார்கள். “நாந்தான் மேடம் வெச்சேன்,” என்றபடி கரையோரக் காலனியிலிருந்து காத்தாயி வேகமாக வருகிறாள். “ஆத்துல தண்ணி வந்துட்டா நாங்க இந்தப் பக்கமே மாட்டிக்கிறோம். மருமவளுக்கு ஐப்பசில பிரசவம். அதுக்குள்ள ஆள் நடக்கறாப்பலயாவது ஆயிடும் இல்ல?” மோனிகாவின் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்கிறது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறாள். அதற்குள் காத்தாயியின் கண் முளைக்குப் போய்விடுகிறது. “இன்னா மேடம், ஆடுதே இது?” என்று பதறியவள், மோனிகாவின் கையிலிருக்கும் சுத்தியலை வாங்கி, முளையை மண்ணுக்குள் ஓங்கி ஓங்கி இறக்குகிறாள்.