முதலிடத்தில் லென்

லென்னை இன்றைக்கு அழித்தே தீருவது என்ற முடிவோடு ஹார்வி அவன் வீட்டு நிலவறைக்குள் இறங்கினான். மேலே சமையலறையில் லென்னின் மனைவி மார்லிஸ் வெள்ளிக்கிழமை மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நிலவறையில் இருந்தது, இரும்புக் குண்டைத் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் பழைய பின்பால் மெஷின். அதன் பலகையில் முப்பத்தெட்டு வருடமாக முதல் வரி அதேதான்: லென் – 50,00,000. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போது இந்த மெஷின் பாரில் இருந்தது. அங்கே பீர் ஊற்றிக்கொண்டிருந்த லென்னின் இடுப்பில்தான் அதைத் திறக்கும் சாவி தொங்கும். சனிக்கிழமை யார் பெயர் முதலில் நிற்கிறதோ, அவன்தான் மார்லிஸை நடனத்துக்குக் கூப்பிட வேண்டும். மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் நண்பர்கள் இருவரின் ஒப்பந்தம்.

வெள்ளி இரவு ஹார்வி 61,40,370 அடித்து முதலிடத்தில் நின்றான். விடிந்ததும் லென் வந்து உதட்டைப் பிதுக்கினான்.

“ராத்திரி பாட்டரி செத்துப்போச்சுடா. உன்னுது எல்லாம் போச்சு. இந்த அம்பது லட்சம் காலையில நான் அடிச்சது. முடிஞ்சா தாண்டு.”

மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கும்வரை ஆடியும் ஹார்வியால் தாண்ட முடியவில்லை. மார்லிஸ் லென்னோடு ஆடினாள். அப்புறம் அவனையே கட்டிக்கொண்டாள். அன்று ஹார்வியின் வயிற்றில் பற்றிய நெருப்பை வைத்து மில்வாக்கி நகரம் முழுவதற்கும் குளிர்காலம் பூராவும் வெந்நீர் போட்டிருக்கலாம்.

இப்போது லென்னுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்ததால், பாட்டரி மாற்றும் வேலை ஹார்வியிடம் வந்தது. மெஷின் ஓடும்போதே மாற்று, அணைத்தால் பெயரெல்லாம் அழிந்துவிடும் என்று லென் மூன்று தடவை சொல்லியிருந்தான். ஹார்வி தேன் குடித்தவன் போலக் கேட்டுக்கொண்டான்.

அணைத்தான். மூன்று பாட்டரியையும் கழற்றி, ஒரு காபி குடிக்கிற நேரம் சும்மா இருந்தான். புதியதைப் போட்டு மெஷினை முடுக்கினான்.

கீழ் வரிகளில் இருந்த லென்னின் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் வரியில்: லென் – 50,00,000.

பேயறைந்தவன் போல, மெஷினுக்குள் செருகியிருந்த கையேட்டை உருவிப் புரட்டினான். நினைவு அழிந்தால் தொழிற்சாலையில் பதித்த மாதிரிப் பெயர்களே திரும்ப வரும் என்று எழுதியிருந்தது. பட்டியலில் முதல் பெயர் லென். எதிரே ஐம்பது லட்சம்.

பீரோடு படியிறங்கி வந்த லென், கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தான்.

“நீயும் கழட்டிட்டியாடா?”