கையெழுத்துப் போடாதவள்

"அக்கா, நான் உதிலை கையெழுத்து வைக்கமாட்டன். குறை நினையாதேங்கோ."

அவள் அப்பிடிச் சொன்னதும் எனக்கு விசர் ஏறிவிட்டுது.

காலமை ஒன்பது மணியிலை இருந்து மில்லிக்கன் பிளாசாவிலை, மரக்கறிக் கடை வாசலிலை பெட்டிஷனோடை நிக்கிறன். நவம்பர் குளிரிலை விரல் விறைச்சுப் போச்சு. நூற்றுப் பதினெட்டுப் பேர் வைச்சிட்டினம். சீன அம்மா ஒராள், அவவின்ரை பாஷை எனக்குத் தெரியாது, என்ரை பாஷை அவவுக்குத் தெரியாது, 'ஸ்கூல்' எண்ட ஒரு சொல்லிலை விளங்கி வைச்சிட்டுப் போனா. இவள் தமிழ்ப் பிள்ளை. இவளுக்கு என்ன வந்தது?

"ஏன் வைக்கமாட்டீர்? என்னத்துக்கு எண்டு தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

தெரியாது எண்டு நினைச்சு நான் திருப்பியும் சொன்னன்.

"பின்னாலை கிடக்கிற பார்க்கிங் லொட்டிலை மூண்டு கொண்டோ மாடிக் கட்டிடம் எழும்பப் போகுது. தொள்ளாயிரம் வீடு. இப்பவே எங்கடை பள்ளிக்கூடத்திலை எட்டு வகுப்பு முற்றத்திலை வைச்ச போர்ட்டபிள் கொட்டிலுக்கை நடக்குது. என்ரை சின்னவள் ஜக்கெற்றைக் கழட்டாமல் இருந்து படிக்கிறாள். இனி வாற பிள்ளையளுக்கு இடம் இல்லாமல் போகலாம், பஸ்ஸிலை வேறை இடத்துக்கு அனுப்புவம் எண்டு அந்த வேலியிலை, பள்ளிக்கூடங்களை நடத்துற ஸ்கூல் போர்ட்டின்ரை பலகை வேறை தொங்குது, பாத்தனீரோ?"

"பாத்தனான்."

"ஆனால் கட்டுறவனிட்டைப் பள்ளிக்கூடத்துக்கெண்டு ஒரு சதம் அறவிடேலாதாம். நகரத்தின்ரை மற்றப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலை வாங்கு காலியாக் கிடக்குதாம். அதாலை எங்கடை ஸ்கூல் போர்ட்டுக்குக் கட்டணம் கேக்க உரிமை இல்லையாம். அந்தச் சட்டத்தை மாத்தச் சொல்லித்தான் இது கவர்மென்ற்றுக்குப் போகுது."

இதெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தினது இரத்தினவேல் அண்ணை. இருபத்திரண்டு வருஷமா இந்த வட்டாரத்திலை வீடு வைச்சிருக்கிறவர். பெட்டிஷன் எழுதினதும் அவர்தான். பிளாசாவின்ரை அந்தப் பக்க வாசலிலை நிண்டு சனத்தோடை கதைக்கிறார். அவரின்ரை குரல் இஞ்சை வரைக்கும் கேக்குது.

"ஆக்களைக் குடியிருத்திக் காசு உழைக்கிறவன் எவனோ, அந்த ஆக்களின்ரை பிள்ளையளின்ரை படிப்புக்கும் அவன்தான் பதில் சொல்லவேணும்."

அங்கை கை தட்டுகினம். இஞ்சை இவள் மரக்கறிப் பையையும் தன்ரை மகளையும் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாக்கிறாள். பிள்ளைக்கு ஏழு வயசு இருக்கும். அப்பதான் எனக்கு இன்னொண்டு ஓடி வெளிச்சுது.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி. பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகேல்லை? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறா."

"அப்ப?"

அவள் பிள்ளையின்ரை தொப்பியை இழுத்துச் சரிப்பண்ணினாள். நான் விட்டுக் குடுக்கேல்லை.

"கையெழுத்தும் வைக்கமாட்டீர், பிள்ளையையும் பள்ளிக்கூடம் விடமாட்டீர். நாங்கள் குளிருக்கை நிண்டு சாகிறது ஆருக்காக? உம்மைப் போலை ஆக்களாலைதான் எங்கடை சனத்தை ஒருத்தரும் மதிக்கிறேல்லை. வெக்கமா இல்லையோ?"

தாய் வாய் திறக்க முதல் பிள்ளை சொல்லிச்சுது.

"எனக்குப் பள்ளிக்கூடம் போக விருப்பம் அன்ரி. ஸ்கூல் பாக் எல்லாம் வாங்கியாச்சு."

தாய்க்குக் கண் கலங்கிவிட்டுது.

"பேர் எழுதலாம் அக்கா. பிரதீபா எண்டு எழுதலாம். பக்கத்திலை அட்ரெஸும் எழுதவேணுமெல்லோ?"

"ஓம். அட்ரெஸ் இல்லாட்டி எண்ணமாட்டினம்."

"அதுதான் அக்கா. நாங்கள் செப்டெம்பரிலை நகரத்தின்ரை மற்றப் பக்கம், ரெக்ஸ்டேலிலை இருந்து வந்து இஞ்சை ஒரு வீட்டுக்குக் கீழை பேஸ்மென்ற்றிலை இருக்கிறம். அட்ரெஸை ஒரு இடத்திலையும் குடுக்கக் கூடாது எண்டு சொல்லித்தான் வீட்டுக்காரர் விட்டவர். அனுமதி எடுக்காமல் வாடகைக்கு விட்டதாம், சிற்றிக் கந்தோருக்குத் தெரிஞ்சால் பேஸ்மென்ற்றை மூடிப்போடுவினமாம். வாடகை கைக்காசு, பற்றுச்சீட்டுத் துண்டு தாறேல்லை. இஞ்சைதான் இருக்கிறம் எண்டதுக்குப் பள்ளிக்கூடத்திலை வீட்டுக்காரரின்ரை கடிதம் ஒண்டு கேக்கினம். ரெண்டு மாசமா அவரைக் கேட்டுப் பாத்திட்டன். கடிதம் வேணுமெண்டால் வேறை வீடு பாருங்கோ எண்டிட்டார். இந்தக் குளிருக்கை நான் எங்கை போக?"

இவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையின்ரை முகத்துக்கு முன்னாலை அதின்ரை தாயைக் கிழிச்சுப்போட்டன். எனக்கு என்னிலையே அரியண்டமா இருந்தது. கோபம் மட்டும் போகேல்லை. ஆள்தான் மாறிச்சுது.

"ரெண்டு மாசமா ஒரு பிள்ளையின்ரை படிப்பை மறிச்சு வைச்சிருக்கிறானோ? அவனெல்லாம் ஒரு மனுசனோ? நீர் பயப்பிடாதையும் பிரதீபா. எங்கடை அண்ணை ஒராள் இருக்கிறார். உந்தச் சட்டமெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. இண்டைக்கே அந்த வீட்டுக்காரனை நாலு கேள்வி கேக்கப் பண்ணுறன்."

"வேண்டாம் அக்கா. பிரச்சினை வேண்டாம்."

"நீர் பேசாமல் இரும்."

நான் அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டன்.

"அண்ணை, ஒருக்கா இஞ்சை வாங்கோ. இந்த அநியாயத்தைக் கேளுங்கோ."

இரத்தினவேல் அண்ணை பேனையைப் பொக்கெற்றிலை குத்திக்கொண்டு வந்தார்.

அவரைக் கண்டதும் பிரதீபா பிள்ளையைத் தனக்குப் பின்னாலை இழுத்தாள்.

"சத்தியமா இல்லை அங்கிள். உங்கடை வீட்டு அட்ரெஸை நான் உதிலை எழுதேல்லை."