சகலையின் கார்

"திருவேங்கடம், கார் திருட்டுப் போனா எங்க இருக்குன்னு காட்டற கருவி வந்திருக்காம். நம்ம காருக்கு மாட்டலாமா?" என்று கேட்டார் சகலை சேஷாத்ரி.

பவானிபூரில் முப்பது வருஷமாக பஸ்ஸில் தொங்கும் திருவேங்கடத்துக்கு வயிறு எரிந்தது. புதுக் காரும் வேண்டும், அதற்குக் காவலும் வேண்டுமாக்கும்.

"தண்டம், அண்ணா. தெருமுனை க்ளப்புல பேட்டைப் பசங்க எந்நேரமும் கேரம் ஆடிண்டிருக்கா. எந்தத் திருடன் வருவான்?"

"நீ சொன்னா சரி."

துர்கா பூஜை அஷ்டமியன்று, க்ளப் பசங்க எல்லாரும் பூஜைப் பந்தலில் இருந்தபோது கார் காணாமல் போனது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் குளிர்ந்துபோய் சகலை வீட்டுக்கு ஓடினார் திருவேங்கடம்.

சேஷாத்ரி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நாங்க பிள்ளையோடயே இருக்க அமெரிக்கா போறோம். காரை உன் பேருக்கு மாத்திட்டேன். ஓட்டப்போறவன் நீயாச்சேன்னுதான் அன்னிக்கு உன்னைக் கேட்டேன்."