சுவரோரத்துப் புல்

“பதினாறு அங்குலம்!”

அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செயலாளர் நிமிர்ந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்த எடை ஆய்வாளர். ஓய்வுக்குப் பின் தெருச் சங்கத்தின் செயலாளர். எதிரே நிற்கும் ஆளையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார் என்பது தெருப்பேச்சு.

“மூணு அங்குலத்துக்கு மேல புல் வளரக் கூடாதுன்னு சங்கத்துத் தீர்மானம். தெரியுமா, தெரியாதா?”

“தெரியுமே சார். கையெழுத்தே போட்டிருக்கேன்” என்றார் அடுத்த வீட்டு ரொட்டிக்கடைக்காரர். வெறுங்காலோடு தோட்டத்து நாற்காலியில் சாய்ந்து, தேநீரை ஊதி ஊதிச் சுவைத்துக்கொண்டிருந்தார்.

“பத்து மணிக்கு அழகுத் தெருப் போட்டிக்கு நடுவர் வர்றாங்க. ஆறு வருஷமா ரெண்டாம் பரிசு. இந்த வருஷமும் போச்சுன்னா என் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?”

“இந்தப் பக்கம் வெச்சுக்குங்க சார். வெயில் இதமா இருக்கு.”

செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டத்தின் மற்ற பகுதியெல்லாம் முடிதிருத்தியது போல ஒழுங்காகத்தான் இருந்தது. செயலாளர் வீட்டுச் சுவரை ஒட்டிய ஓர் ஓரம் மட்டும் காடு! படைத்தவன் கைதவறி வண்ணக் குழம்பைக் கொட்டிவிட்டாற்போல் மஞ்சளும் ஊதாவுமாய்ப் பெயர் தெரியாத பூக்கள். அவற்றின்மேல் தேனீக்களின் ஓயாத பாராயணம்.

காரணம் அவருக்குத் தெரியும். குளிர்காலத்தில், கடையின் புகைபோக்கி நான்கு அங்குலம் குட்டை என்று நோட்டீஸ் கொடுத்தவர் அவர்தானே? அந்த வன்மத்தைப் புல்லாய் வளர்த்துக் காட்டுகிறார் மனிதர்!

தம் வீட்டு முற்றத்தை ஒருமுறை பெருமையோடு திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஒரு பிடி மண் தெரியாமல் ஓடு பதித்து, நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவிய பளபளப்பு. அதில் வழுக்கித்தான் அவர் மனைவி காலை முறித்துக்கொண்டு, இரண்டு மாதமாக மாடியறையில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாகக் காலையில் தனியே சிரிக்கவும் தொடங்கியிருக்கிறார். வலி மாத்திரை தலைக்கு ஏறிவிட்டது என்று செயலாளர் டாக்டருக்கே எழுதிவிட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. புகைபோக்கிக்காகத்தானே இந்தப் பழி?”

“ஐயோ, அதை அப்பவே உசத்திட்டேனே! இப்ப அடுப்பு ஜோரா எரியுது. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். ரொட்டி சூடா இருக்கு, தடவித் தரட்டுமா?”

“லஞ்சமா?”

“வெண்ணெய் சார்.”

ரொட்டியின் மணம் வந்து மூக்கைத் தொட்டது. இளவெயில் முதுகை வருடியது. காலணிக்குள் விரல்கள் தாமாகவே குறுகுறுத்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது செயலாளருக்கு. சட்டென்று தலையை உதறிக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த சங்கத்துப் புல்வெட்டும் மிஷினை உருட்டி வந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் முதன்முறையாக எழுந்தார். “வேணாம் சார். மூணே வாரம் பொறுங்க. அப்புறம் மொட்டையே அடிச்சுடறேன்.”

“மூணு வாரத்துல என்ன, புல்லுல பொன்னா விளையப் போகுது?”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்.”

“நல்ல வாக்கு!” என்று கயிற்றை இழுத்தார். மிஷின் உறுமியது.

“ஏங்க! நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!”

மேலிருந்து வந்தது குரல். மாடி ஜன்னலில், தலையணைகளுக்கு நடுவே மனைவியின் முகம்.

மிஷினை நிறுத்தினார்.

“என் பூவை என்ன பண்றீங்க? இன்னிக்குத்தான் ஊதா நாப்பதைத் தாண்டியிருக்கு! விடிஞ்சதும் எண்ணிட்டேன்!”

“உன் பூவா?”

“பின்னே? அந்தக் குண்டுத் தேனீயைப் பாருங்க. அது உட்கார்ந்தா பூ தாங்காது. தினமும் பொத்துன்னு விழுது, மறுபடியும் ஏறுது! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குதுங்க!”

செயலாளர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “அப்ப, மாத்திரை...?”

“மாத்திரை தின்னா யாருக்காவது சிரிப்பு வருமா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

மேலே சிரிப்பு சற்றே தணிந்தது. “நீங்க ஆசை ஆசையாப் போட்ட ஓடு. அதையே பார்த்துக்கிட்டுக் கிடக்க முடியலைன்னு எந்த வாயால சொல்றது?”

ரொட்டிக்கடைக்காரர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி, மெல்லச் சொன்னார்: “அக்கா கட்டில்ல இருந்து பார்த்தா, எங்க தோட்டத்துல இந்த ஓரம் மட்டும்தான் சார் தெரியும். கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் இருக்கே.”

வாசலில் கார் வந்து நின்றது. கையில் ஏட்டோடு இறங்கிய நடுவர் அம்மாள், தெருவை இருபுறமும் பார்த்து மகிழ்ந்தபடியே வந்து, சுவரோரத்தில் நின்றுவிட்டார். புருவம் உயர்ந்தது.

“எல்லா வீடும் அவ்வளவு நேர்த்தி. இதை மட்டும் ஏன் இப்படி விட்டிருக்கீங்க? யார் பொறுப்பு?”

ரொட்டிக்கடைக்காரர் வாயைத் திறந்தார்.

அவரை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார் செயலாளர். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு குன்றிமணி அளவுகூடப் பொய் சொல்லி அறியாத வாய் அது.

“எழுதிக்குங்கம்மா. பாவம், இவர் வெட்டறேன்னுதான் சொன்னார். கூடவே கூடாதுன்னு மிஷினைப் பிடுங்கி வெச்சுக்கிட்டது நான்தான்.”